பாத்தி நிரப்பும் நாளும் பறிக்கும் வேளையும்

வீட்டில் விளைந்த காய் என்றாலே அது சுத்தம், சத்து, சிக்கனம் என்று மூன்று முத்திரைகளையும் சேர்த்தே குத்திவிடுகிறோம். உண்மையில் இந்த மூன்றும் தானாக வருவதில்லை. கடைக்கு வரும் காயை யாராவது ஓர் அதிகாரி எப்போதாவது எடுத்துச் சோதித்துப் பார்க்க வாய்ப்புண்டு. கொல்லைப்புறக் கத்தரிக்காயைச் சோதிக்க உங்களைத் தவிர ஆளில்லை. உரம் எங்கிருந்து வந்தது, மண்ணில் முன்பு என்ன கொட்டிக் கிடந்தது, மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று, எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு.

தோட்டத்தில் உழைப்பு எல்லா நாளும் உண்டு. ஆனால் சத்து, பாதுகாப்பு, செலவு ஆகிய மூன்று கணக்குகளும் பெரும்பாலும் இரண்டே தருணங்களில் தீர்மானமாகிவிடுகின்றன என்பது என் கட்சி. ஒன்று, பாத்தியை நிரப்பும் நாள். இன்னொன்று, காயைப் பறிக்கும் வேளை. இடைப்பட்ட மாதங்களில் நாம் படும் கவலையில் பாதி வீண் கவலை.

முதல் செலவு மண்ணில்தான்

செலவிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலோர் விதையின் விலையைப் பார்க்கிறார்கள். விதை ஒரு பொருட்டே அல்ல. 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் கொண்ட ஒரு மேட்டுப்பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒரு கட்டில் அளவுதான். அதன் கொள்ளளவு 864 லிட்டர். இருபது லிட்டர் மூட்டையாகக் கலவை வாங்கினால் நாற்பத்து மூன்று மூட்டை பிடிக்கும். மட்கு உரம் அதிகமுள்ள கலவை முதல் ஆண்டிலேயே பல விரற்கடை கீழே இறங்கிவிடும். மறுபடி நிரப்ப வேண்டும். பலகை, ஆணி, ஆள்கூலி எல்லாம் தனி. தோட்டத்தில் போட்ட பணம் திரும்ப வராததற்கு முதல் காரணம் இந்தக் கட்டில்தான்.

அடியிலுள்ள நிலம் சுத்தமானது என்று தெரிந்தால் 30 சென்டிமீட்டர் தேவையே இல்லை. புல்லை மட்ட வெட்டி, அதன்மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து (ஒட்டுநாடாவையும் கம்பி ஊசிகளையும் நீக்கிவிட்டு) பரப்பி, நன்றாக நனைத்து, அதன்மேல் 10 சென்டிமீட்டர் மட்கு உரம் போட்டால் போதும். அதே பரப்புக்கு 288 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு. அட்டை சில மாதங்களில் மக்கிவிடும், வேர் கீழே உள்ள மண்ணுக்குப் போய்விடும். சுற்றிலும் பலகைச் சட்டம் கட்டுவது அழகுக்குத்தான். செடிக்கு அது தெரியாது.

இந்தக் கணக்கு பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 73 நகர்ப்புறத் தோட்டங்களை அளந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கு விளைந்த உணவின் கரியமில வாயுச் சுமை வழக்கமான வேளாண்மையில் விளைந்ததைவிடச் சராசரியாக ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. முக்கியக் காரணம், பாத்திச் சட்டம், நடைபாதை, கொட்டகை போன்ற கட்டுமானங்கள். ஐந்தே ஆண்டில் பிரித்துப்போடும் மேட்டுப்பாத்தி, இருபது ஆண்டு நிற்கும் பாத்தியைவிட ஒரு வேளை உணவுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு சுமை ஏற்றுகிறது. பணத்திலும் இதே வகுத்தல்தான்: போட்டதை எத்தனை ஆண்டால் வகுக்கிறீர்கள் என்பதே கேள்வி. புதிதாக வாங்கத் தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டால் பாதிப் பட்டியல் தானே அடிபடும்.

மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அது பணத்தைவிடப் பெரியது. ஒரு சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தோட்டமண் கலவை நிரப்பினால் 300 லிட்டர். தண்ணீர் ஊற்றியபின் 400 கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டு மாடிகள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் எடையை நம்பிக் கட்டப்படுபவை. ஆகவே மாடியில் தொடர்ச்சியான பாத்தி கட்டுவதானால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் தொடக் கூடாது. தொட்டிகளையும் குரோ பேக்குகளையும் இடைவெளி விட்டு, சுவர்களும் உத்தரங்களும் இருக்கும் வரிசைகளின் மேல் வையுங்கள். மண்ணுக்குப் பதில் தென்னைநார்த் தூளும் மட்கு உரமும் அதிகம் சேர்த்தால் எடை வெகுவாகக் குறையும். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், மிளகாய்க்குப் பத்து லிட்டர், தக்காளிக்கு இருபது லிட்டர். இதற்கு மேல் நிரப்புவது மாடிக்கும் பாரம், பைக்கும் பாரம்.

மண்ணில் என்ன இருக்கிறது

நிலத்தில் பயிரிடுபவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது பூச்சிக்கு அல்ல, காரீயத்துக்கு. பெட்ரோலில் காரீயம் கலப்பது உலகம் முழுவதும் முடிவுக்கு வந்தது 2021-இல்தான். அதுவரை சாலையோரங்களில் படிந்தது அங்கேயே இருக்கிறது. காரீயம் மக்காது, எளிதில் கீழே இறங்காது, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். பழைய வீட்டுச் சுவர்களிலிருந்து உதிர்ந்த பெயின்ட் இன்னொரு மூலம். அதனால்தான் வீட்டை ஒட்டிய ஒன்றிரண்டு மீட்டர் அகலப் பட்டையில் காரீயம் மிகுந்திருக்கும். தோட்டத்துக்கு வசதியான இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதே பட்டைதான்.

மண்பரிசோதனைக்குக் கொடுத்தோம், நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். வழக்கமான மண்பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளையும் அமில-காரத் தன்மையையும் மட்டுமே பார்க்கும். கன உலோகங்களைத் தனியாகக் கேட்க வேண்டும்: காரீயம், காட்மியம், ஆர்சனிக். மாதிரி எடுக்கும் முறையும் முக்கியம். ஓரிடத்து மண்ணை அள்ளிக் கொடுத்தால் அது அந்த இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்து, குழியின் சுவரிலிருந்து ஒரு சீவல் எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் (தகர வாளி வேண்டாம்) கலந்து, கல்லும் வேரும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ கொடுங்கள். சுவரோரப் பட்டைக்குத் தனி மாதிரி.

எவ்வளவு இருந்தால் அபாயம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, குடியிருப்பு மண்ணுக்கு எச்சரிக்கை அளவாக வைத்திருந்த 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்பதை 2024-இல் 200 ஆகக் குறைத்தது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. செடி தன் வேர் வழியாகக் காய்க்குள் ஏற்றும் காரீயம் மிகக் குறைவு. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை போன்ற காய்களில் மிகக் குறைவு. கிழங்கிலும் கீரையிலும் அதைவிட அதிகம். நம் உடம்புக்குள் போவதில் பெரும்பகுதி, இலையில் தெறித்த மண்ணும், கையிலும் நகத்திலும் செருப்பிலும் ஒட்டி வரும் தூசியும்தான். ஆகவே சந்தேகமுள்ள மண்ணில் காய்களை மட்டும் நடுங்கள். தரையை இலைமூடாக்கால் மூடி மண் தெறிக்காமல் செய்யுங்கள். மட்கு உரம் தாராளமாகச் சேர்த்து பி.எச். என்னும் அமில-கார அளவை 6.5-க்கும் 7-க்கும் இடையில் வைத்திருங்கள். ஏற்கெனவே விளைந்த கிழங்கானால் தோல் சீவியே பயன்படுத்துங்கள். அளவு எல்லையைத் தாண்டியிருந்தால், தடித்த துணி விரித்து அதன்மேல் வேறு மண் கொண்டு மேட்டுப்பாத்தி போடுவதுதான் வழி. அந்த 864 லிட்டருக்கு நியாயம் கிடைக்கும் ஒரே இடம் இது.

பாத்திச் சட்டத்துக்குப் பழைய மரம் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். பச்சைச் சாயல் கொண்ட பழைய பதப்படுத்திய பலகைகளில் ஆர்சனிக் இருக்கலாம். சரக்குத் தட்டுப் பலகைகளில் முத்திரை இருக்கும்: எச்.டி. என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, பரவாயில்லை, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். பிளாஸ்டிக் வாளிகளின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண்கள் இருந்தால் நல்லது. பூச்சிமருந்து, பெயின்ட், எஞ்சின் ஆயில் இருந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் காய்கறிக்கு ஆகாது.

எரு என்னும் நல்லவன்

இயற்கை என்ற சொல் நம்மை மயக்குவது எருவில்தான். பச்சைச் சாணத்திலும் கோழி எச்சத்திலும் ஈ.கோலை, சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகள் எல்லாம் இருக்கக்கூடும். அவை செடிக்கு ஒன்றும் செய்யாது, மனிதருக்குச் செய்யும். அமெரிக்க அங்கக வேளாண் விதிகள் ஓர் எளிய எல்லை போட்டிருக்கின்றன: மக்காத எருவை இட்டால், மண்ணைத் தொடும் காய், கீரை, கிழங்குகளை அதிலிருந்து 120 நாள் கழித்தே அறுவடை செய்யலாம், மண்ணைத் தொடாதவற்றை 90 நாள் கழித்து. முப்பது நாளில் பறிக்கும் கீரைக்குப் பச்சை எரு போடுவது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும்.

மக்கவைத்தால் சரியாகிவிடுமா? வெப்பம் ஏறினால் சரியாகும். குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியஸ் குறையாமல் பதினைந்து நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டி வெளியே இருந்ததை உள்ளே தள்ள வேண்டும் என்பது அதே விதிகளின் அளவு. ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியல் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. வீட்டு உரத்தொட்டிகள் பெரும்பாலும் அதில் கால்வாசிதான் இருக்கும். அவை காய்கறித் தோலை அருமையாக மக்க வைக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. சிறு தொட்டியில் சாணம் சேர்த்தால், மக்கிய பிறகும் பச்சை எருவுக்குள்ள நாள் கணக்கையே வைத்துக்கொள்வது என் யோசனை. நாய், பூனைக் கழிவு எந்த நிலையிலும் வேண்டாம். பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், கருவுற்ற பெண்களுக்கு அது ஆபத்து. பூனை தோண்டும் பாத்தியில் கையுறை இல்லாமல் கிளறாதீர்கள்.

எருவில் இன்னொரு வில்லன் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. மேய்ச்சல் நிலத்திலும் வைக்கோல் பயிரிலும் தெளிக்கும் அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள், மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் தங்கி, மக்கிய பிறகும் மாதக்கணக்கில் வீரியம் குன்றாமல் இருக்கும். அந்த எரு விழுந்த பாத்தியில் தக்காளியின் இளந்தளிர் பெரணி இலைபோல் சுருண்டு குறுகும். அவரை, பீன்ஸ் வகைகள் கிண்ணம்போல் மடங்கி நிற்கும். வைரஸ் என்று நினைத்துச் செடியைப் பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் மறுபடி நட்டு மறுபடி ஏமாறுவார்கள்.

இதற்குச் செலவே இல்லாத சோதனை உண்டு. எருவை வண்டியில் இறக்குமுன் ஒரு வாளி மட்டும் வாங்குங்கள். பல இடங்களிலிருந்து அள்ளியதாக இருக்கட்டும். அதைச் சுத்தமான தொட்டிக் கலவையோடு சரிபாதி கலந்து மூன்று சிறு தொட்டிகளில் நிரப்புங்கள். எரு கலக்காத வெறும் கலவையில் இன்னும் மூன்று. ஒவ்வொன்றிலும் நான்கு பீன்ஸ் விதை ஊன்றி, ஒரு தொட்டியின் தண்ணீர் இன்னொன்றில் கலக்காமல் தனித்தனித் தட்டில் வைத்து, மூன்று வாரம் பாருங்கள். முதல் இரண்டு இலைகளைப் பொருட்படுத்தாதீர்கள், அவை விதைக்குள்ளேயே உருவானவை. அடுத்து வரும் மூவிலைகள்தான் சாட்சி. எரு கலந்த தொட்டிகளில் மட்டும் அவை மடங்கியோ நரம்பு இணையாக ஓடியோ வந்தால், அந்த எரு உங்களுக்கு வேண்டாம். இரண்டு வகைத் தொட்டிகளிலும் மோசமாக வந்தால் விதையோ கலவையோ பழுது, மறுபடி செய்யுங்கள்.

மூட்டைக் கலவையைப் பிரிக்கும்போதும் ஒரு கவனம். அதில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் அழற்சி தரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, திறந்த வெளியில், கத்தியால் மெதுவாகப் பிரித்து, கிளறுமுன் தண்ணீர் தெளித்துவிட்டால் தீர்ந்தது. மண்ணில் வேலை செய்பவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். வயதானவர்கள் முக்கியமாக.

இடைப்பட்ட நாட்கள்

தண்ணீரின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். வெயில் காலத்தில் பாத்தி நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் குடிக்கும். பத்துச் சதுர மீட்டர் தோட்டத்துக்கு நாளுக்கு 50 லிட்டர், மாதத்துக்கு 1,500 லிட்டர். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் தோட்டத்தின் லாபத்தை இதுவே விழுங்கிவிடும். ஐந்து விரற்கடை கனத்துக்குச் சருகு மூடாக்கு போட்டால் ஆவியாவது நன்றாகக் குறையும். குளியல், துவைத்த தண்ணீரைக் கீரைக்கும் கிழங்குக்கும் விடாதீர்கள், மரங்களுக்கு விடலாம். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்து, தட்டைத் தேய்த்துவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாளே போதும்.

மருந்து விஷயத்தில் வீட்டுத் தோட்டக்காரர் விவசாயியைவிடச் சுத்தமானவர் என்று சொல்ல முடியாது. அளவுக்கரண்டி இல்லாமல் மூடியால் ஊற்றுபவர்களை நீங்களும் அறிவீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பு; மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு. கூடுதலாக ஊற்றினால் பூச்சிக்கு முன் இலை கருகும். துணி சோப்புத் தூள் வேண்டாம். புகையிலைக் கரைசல் இயற்கையானது என்று இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நிக்கோடின் தோல் வழியாகவே ஏறும் நஞ்சு. போதாததற்குப் புகையிலையிலிருந்து தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். கடையில் வாங்கிய மருந்தானால் உறையில் அந்தப் பயிரின் பெயர் இருக்கிறதா, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயிரின் பெயர் இல்லையென்றால் அது உங்களுக்கான மருந்தல்ல.

பறிக்கும் வேளை

சத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். ஒரே ரகத்தை வீட்டில் வளர்த்தாலும் வயலில் வளர்த்தாலும், பறித்த நொடியில் சத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. 1950-க்கும் 1999-க்கும் இடையில் 43 தோட்டப் பயிர்களின் சத்து அளவுகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, புரதம், சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி உட்பட ஆறு சத்துகள் குறைந்திருப்பதைக் காட்டியது. அதற்கு அவர்கள் முதன்மையாகச் சந்தேகித்தது மண்ணை அல்ல, விளைச்சலுக்காக மாற்றப்பட்ட ரகங்களை. அதே ஒட்டுவிதையைத் தொட்டியில் போட்டுவிட்டு அதிகச் சத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

வேறுபாடு பறித்த பிறகு தொடங்குகிறது. பாலக்கீரையைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் ஒரு வாரம் வைத்தாலே வைட்டமின் சி-யில் முக்கால்வாசி போய்விடும். வெளியே வைத்தால் ஏறத்தாழ முழுவதும். பீன்ஸும் இதே கதிதான். கேரட்டோ ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் இழக்கும். இனிப்பு மக்காச்சோளத்தில் சர்க்கரை மணிக்கு மணி மாவாக மாறிக்கொண்டிருக்கும். ஆகவே இடம் குறைவாக இருப்பவர் கேரட், உருளை, வெங்காயம் ஆகியவற்றை வெளியே வாங்கிவிட்டு, கீரை, பீன்ஸ், கொத்தமல்லி, புதினா, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை வளர்ப்பது சத்துக் கணக்கிலும் சரி, பணக் கணக்கிலும் சரி. விரைவில் வாடுபவைதான் எங்கும் விலை கூடியவையும் வீணாவதில் முதலாவதும். கட்டாக வாங்கிய புதினாவில் பாதி குப்பைக்குப் போகும். தொட்டியிலிருந்து ஐந்து தழை கிள்ளினால் ஐந்து தழைதான் செலவு.

பயிர்களை ஒப்பிட விரும்பினால் ஒரு பழைய நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: பறித்த எடை, அது பிடித்திருந்த சதுர மீட்டர், எத்தனை மாதம் பிடித்திருந்தது. எடையை அன்றைய கிலோ விலையால் பெருக்கி மற்ற இரண்டாலும் வகுங்கள். நான்கு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பூ தரும் காலிஃபிளவரும், முப்பது நாளில் அறுத்து மறுபடி துளிர்க்கும் கீரையும் அப்போது தத்தம் இடத்தில் போய் நிற்கும். உங்கள் உழைப்பு நேரத்துக்குக் கூலி போட்டால் பெரும்பாலான தோட்டங்கள் நஷ்டம்தான். அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிவிடலாம், அது ஏமாற்று வேலையும் அல்ல. அமெரிக்காவின் டென்வரில் 291 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் சமுதாயத் தோட்டத்தில் பாத்தி கொடுத்து நடத்தி 2023-இல் வெளியான சோதனையில், தோட்டம் போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு ஏறத்தாழ 1.4 கிராம் நார்ச்சத்து அதிகம் உண்டார்கள், உடலசைவும் கூடியது. காயில் கூடுதல் சத்து ஏறியதால் வந்த பலன் அல்ல இது, கூடுதலாகக் காய் தின்றதால் வந்தது.

கீரையை விடியலில் பறித்தால் விறைப்பாக இருக்கும். மாலையில் பறித்தால் நைட்ரேட் குறைவாக இருக்கும், வெளிச்சத்தில் செடி அதைச் செலவழித்துவிடுவதால். தழைச்சத்து உரம் மிகுதியாகப் போட்டு நிழலில் வளர்த்த கீரையில் நைட்ரேட் ஏகமாகச் சேரும். பெரியவர்களுக்கு இது பெரிய கவலையல்ல. கைக்குழந்தைக்கு மசித்த கீரையை மட்டும் வெளியே வைத்து வைத்து ஊட்டாதீர்கள், கிருமிகள் நைட்ரேட்டைக் குழந்தைக்குக் கெடுதலான நைட்ரைட்டாக மாற்றும்.

உருளைக்கிழங்கு மண்ணுக்கு மேலே எட்டிப்பார்த்தால் பச்சை ஏறும். பச்சை தெரிந்த இடத்தில் சோலனின் போன்ற நஞ்சுகளும் கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. வளரும்போதே மண் அணையுங்கள், பச்சையானதை எறியுங்கள். முற்றிய சிவப்பு ராஜ்மாவிலும் நஞ்சு உண்டு; அது நீங்க, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிநிலையிலேயே பத்து நிமிடமாவது வேகவைக்க வேண்டும்.

கசப்புச் சுரைக்காய் விஷயத்தில் சற்று நிற்கலாம், ஏனென்றால் இது வீட்டுத் தோட்டத்துக்கே உரிய ஆபத்து. சுரை, பூசணி, சுக்கினி, பீர்க்கு, வெள்ளரி எல்லாவற்றின் காட்டு மூதாதைகளிலும் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. பயிராக்கிய ரகங்களில் அதை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். பக்கத்தில் அலங்காரச் சுரையோ காட்டுக்கொடியோ பூத்திருந்தால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பருவக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையை எடுத்து அடுத்த பருவம் நட்டீர்களானால் கசப்பு திரும்பி வரலாம். குப்பைக்குழியில் தானாக முளைத்த பூசணிக்கொடியும் இதே ரகம். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கசப்பைக் கூட்டும்.

நஞ்சு எளிதில் சாகாது; வேகவைத்தாலும் வறுத்தாலும் அப்படியே இருக்கும். ஜெர்மனியில் 2015-இல் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். தடுக்கும் வழி மிகச் சிறியது: நறுக்குமுன் நடுவிலிருந்து நகக்கண் அளவு வெட்டி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். பாகற்காய்போல் சுள்ளென்று கசந்தால் துப்பிவிட்டு, காயை முழுவதும் எறியுங்கள். கசப்பு தெரியாமலிருக்க மசாலா சேர்ப்பதும், கசப்பு உடம்புக்கு நல்லது என்று சாறாகக் குடிப்பதும்தான் உயிருக்கு உலை வைப்பது. குடித்த சிறிது நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்து போதல் என்று தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், மீதிக் காயையும் கையோடு எடுத்துக்கொண்டு. வெள்ளரியின் காம்புப் பக்கத்தில் மட்டும் வரும் லேசான கசப்பு பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் அந்தப் பகுதியை வெட்டிப் போடுங்கள்.

கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். கீரையைக் கட்டோடு முக்கி எடுப்பது கழுவுதல் ஆகாது. இலை இலையாகப் பிரித்து, அடிப்பக்கமும் பார்க்க வேண்டும். சிறு நத்தைகளும் ஓடில்லாத நத்தைகளும் சில வெப்ப நாடுகளில் எலியிலிருந்து வரும் ஒருவகை நுரையீரல் புழுவைச் சுமக்கும், அது மனித மூளையைத் தாக்கக்கூடியது. பச்சையாக உண்ணும் இலைக்கு இந்தப் பொறுமை தேவை. வைத்திருக்கப்போகும் காயைக் கழுவாமல் வையுங்கள். ஈரம் அழுகலைக் கொண்டுவரும்.

கடைசியாக, காய்த்துக் குவியும் வாரம். பணக் கணக்கில் தோட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த வாரத்தில்தான், ஏனெனில் பத்துக் கிலோ தக்காளியை ஒரே வாரத்தில் ஒரு வீடு தின்ன முடியாது. உறையவைப்பதும் உலர்த்துவதும் அபாயமற்றவை. பீன்ஸை மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, துடைத்து உறையவையுங்கள். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துச் சேமிப்பதில்தான் விபரீதம். போட்டுலிசம் என்ற உயிர்கொல்லி உணவு நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் மண்ணிலேயே இருப்பவை, கொதிநீரின் 100 டிகிரியில் சாகாதவை. காற்றில்லாத, அமிலம் குறைந்த புட்டிக்குள் அவை விழித்துக்கொண்டு நஞ்சு சுரக்கும். மணமோ நிறமோ மாறாமலும் இருக்கும். 2015-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு தேவாலய விருந்தில் 29 பேர் நோயுற்று ஒருவர் இறந்ததற்குக் காரணம், வீட்டில் வெறும் கொதிநீர் முறையில் புட்டியில் அடைத்த உருளைக்கிழங்கு. பி.எச். 4.6-க்கு மேலுள்ள எந்தக் காயையும், அதாவது பீன்ஸ், உருளை, கேரட், பீட்ரூட், மக்காச்சோளம், கீரை எல்லாவற்றையும், புட்டிக்காகவே செய்த அழுத்தக் கொதிகலனில் மட்டுமே அடைக்கலாம். சமையலறைக் குக்கர் அதற்கு மாற்றல்ல. தக்காளி அந்த எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்பது. அரை லிட்டர் புட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் புட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். வீட்டில் பிழிந்தது வேண்டாம், அதன் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்; புளிப்பின் அளவு நிலையாக இருக்கும், கடையில் விற்கும் புட்டிச் சாறுதான் இதற்கு ஏற்றது.